ஆண்டறிக்கையில் இல்லாத பக்கம்

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளியாகிவிட்டால் போதும், நாளிதழ்களில் பொறியியல் கல்லூரி விளம்பரங்கள் பக்கம் பக்கமாக வரத் தொடங்கிவிடும். சென்ற ஆண்டில் இத்தனை பேருக்கு வேலை, அதிகபட்சச் சம்பளம் இத்தனை லட்சம், இத்தனை நிறுவனங்களுடன் ஒப்பந்தம், இத்தனை ஆய்வுக் கட்டுரைகள், இத்தனை காப்புரிமைகள் என்று எண்கள் அணிவகுக்கும். கூடவே கோட்டு அணிந்த மாணவர்களின் சிரித்த முகங்கள்! பெற்றோர் அந்த எண்களைப் பார்க்கிறார்கள். பக்கத்துக் கல்லூரியின் எண்களோடு ஒப்பிடுகிறார்கள். கடன் வாங்கியாவது பிள்ளையைச் சேர்த்துவிடுகிறார்கள்.

கல்லூரிகள் தங்கள் ஓராண்டுக் கணக்கை மக்கள் முன் வைப்பது வரவேற்கத்தக்கதே. அதை யாரும் குறை சொல்லவில்லை. ஆனால் கணக்கு என்று வந்துவிட்டால் எழுதப்பட்ட வரிகளை மட்டும் பார்த்துவிட்டு மூடி வைக்க முடியாது. விடுபட்ட வரிகள் எவை என்றும் பார்க்க வேண்டும். ஓராண்டு முழுவதும் பாடம் நடத்தினோம், ஆராய்ச்சி செய்தோம், புதியன கண்டுபிடித்தோம் என்கிறீர்களே, அதனால் யாருடைய துன்பம் எவ்வளவு குறைந்தது? இந்தக் கேள்விக்கான பதில் எந்த ஆண்டறிக்கையிலாவது ஒரு பக்கம் இடம்பெற்றிருக்கிறதா?

வாசகர்களே! இந்தக் கேள்வியைக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்.

யாருடைய தேவைக்காக?

பொறியியல் கல்வி வானத்திலிருந்து குதித்து வந்ததல்ல. ஒவ்வொரு பொறியியல் பள்ளியும் யாரோ ஒருவருடைய தேவைக்காகத்தான் தொடங்கப்பட்டது. கிண்டி பொறியியல் கல்லூரியின் வரலாற்றைப் பாருங்கள். 1794-ல் வெறும் 8 மாணவர்களுடன் ஒரு நில அளவைப் பள்ளியாகத்தான் அது தொடங்கியது. கிழக்கிந்தியக் கம்பெனிக்கு வரி வசூலிக்க நிலத்தை அளக்க வேண்டியிருந்தது. அளப்பதற்கு ஆட்கள் தேவைப்பட்டார்கள். பள்ளி பிறந்தது! 1847-ல் ரூர்க்கியில் பொறியியல் கல்லூரி எழுந்தது கங்கைக் கால்வாய் வெட்டுவதற்குப் பொறியாளர்கள் வேண்டும் என்பதற்காக. சுதந்திரத்திற்குப் பிறகு மேற்கு ஜெர்மனியின் உதவியோடு 1959-ல் சென்னையில் ஐ.ஐ.டி. அமைந்தது, புதிய நாட்டின் தொழிற்சாலைகளுக்கு வல்லுநர்களை உருவாக்குவதற்காக.

ஆக, "பொறியியலுக்கும் சமூகத்திற்கும் என்ன சம்பந்தம்? அது வெறும் தொழில்நுட்பம்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தேவை யாருடையது என்பதுதான் எப்போதுமே கேள்வி. அன்று கம்பெனியின் தேவை. பிறகு நாட்டின் தேவை. இன்று பன்னாட்டு மென்பொருள் நிறுவனங்களின் தேவை. ஏழையின் தேவை, கூலித் தொழிலாளியின் தேவை எப்போது இந்த வரிசையில் வரும்?

ஓர் ஆண்டு, ஒரு நிறுவனம்

நியாயமாகப் பேச வேண்டுமானால் நாட்டிலேயே முதலிடத்தில் வைக்கப்படுகிற நிறுவனத்தையே எடுத்துக்கொள்வோம். மத்திய அரசு 2016-ல் பொறியியல் கல்வி நிறுவனங்களைத் தரவரிசைப்படுத்தத் தொடங்கிய நாளிலிருந்து சென்னை ஐ.ஐ.டி.தான் அதில் முதலிடம் பெற்று வருகிறது. அதன் 2024-25 ஆம் நிதியாண்டைப் பாருங்கள்.

அந்த ஆண்டின் மே 30 அன்று, ஐ.ஐ.டி. வளாகத்தில் வளர்ந்த அக்னிகுல் என்னும் இளைஞர்களின் நிறுவனம் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஒரு ராக்கெட்டைச் செலுத்தியது. அதன் என்ஜின் முப்பரிமாண அச்சு முறையில் ஒரே துண்டாக வார்க்கப்பட்டது. டிசம்பரில், கருவிலிருக்கும் குழந்தையின் மூளையை 5,000-க்கும் மேற்பட்ட மெல்லிய சீவல்களாக்கிப் படமெடுத்து, செல் அளவு வரை தெரியும் வரைபடத் தொகுப்பை அங்குள்ள மூளை ஆய்வு மையம் வெளியிட்டது. பிப்ரவரியில், இஸ்ரோவுடன் சேர்ந்து விண்வெளிப் பயன்பாட்டுக்கான ஒரு கணினிச் சில்லை உருவாக்கி இயக்கிக் காட்டினார்கள். வடிவமைப்பு சென்னையில், சில்லு தயாரானது சண்டீகரில். அதே மாதம் ஹைப்பர்லூப் எனப்படும் அதிவேகக் குழாய்ப் பயணத்துக்காக 422 மீட்டர் நீளமுள்ள சோதனைத் தடம் தயாராகிவிட்டதாக ரயில்வே அமைச்சர் அறிவித்தார். ஒரே ஆண்டில் 100-க்கும் மேற்பட்ட புதிய தொழில் நிறுவனங்களைத் தங்கள் வளாகத்தில் வளர்த்தெடுக்கச் சேர்த்திருக்கிறார்கள்.

இவை சாதாரணமானவை அல்ல. பாராட்ட வேண்டியதைப் பாராட்டத்தான் வேண்டும். வெளிநாட்டுச் சில்லை எதிர்பார்த்துக் கையேந்தி நிற்கும் நாடு சொந்தக் காலில் நிற்க முடியாது என்பதும் உண்மைதான்.

ஆனால் அதே நிதியாண்டில் இன்னொரு செய்தியும் உண்டு. 2025 ஜனவரி 29 அன்று உச்ச நீதிமன்றம், சென்னை உள்ளிட்ட 6 பெருநகரங்களில் சாக்கடைக்குள் மனிதரை இறக்குவதையும் மனிதக் கழிவை மனிதர் அள்ளுவதையும் நிறுத்த வேண்டும் என்று உத்தரவிட்டது. அந்த 6 நகரங்களில் ஒன்று கொல்கத்தா. உத்தரவு வந்த 4-ஆம் நாள், பிப்ரவரி 2 அன்று, கொல்கத்தா தோல் தொழிற்பேட்டையில் சாக்கடைக்குள் இறங்கிய 3 தொழிலாளர்கள் பிணமாகத்தான் மேலே வந்தார்கள்.

விண்வெளிக்குச் சில்லு தயார். குழாய்க்குள் பறக்கத் தடம் தயார். பூமிக்கு 10 அடிக் கீழே இறங்கும் மனிதனை மேலே நிறுத்த மட்டும் நம்மால் முடியவில்லை! இது எந்த ஆண்டறிக்கையில் வரும்?

சட்டம் இருக்கிறது, சாவும் இருக்கிறது

மனிதக் கழிவை மனிதர் அள்ளுவதற்குத் தடை விதித்து 1993-லேயே சட்டம் வந்தது. அது ஏட்டளவில் நின்றதால் 2013-ல் இன்னும் கடுமையான சட்டம் வந்தது. பாதுகாப்புக் கருவி இல்லாமல் சாக்கடைக்குள்ளோ செப்டிக் டேங்கிற்குள்ளோ ஆளை இறக்கினால் முதல் முறை 2 ஆண்டு வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்கிறது அந்தச் சட்டம். 1993 முதல் இப்படி இறந்த ஒவ்வொருவரின் குடும்பத்துக்கும் 10 லட்சம் கொடுக்க வேண்டும் என்று 2014-ல் உச்ச நீதிமன்றம் கூறியது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது.

இழப்பீடு ஏறிக்கொண்டே போகிறது. சாவு நிற்கவில்லை. 1993-லிருந்து எடுக்கப்பட்ட அரசுக் கணக்கின்படியே நாடெங்கும் 1,000-க்கும் மேற்பட்டோர் இறந்திருக்கிறார்கள். மாநிலங்களில் முதலிடம் எதற்குத் தெரியுமா? நம் தமிழகத்துக்குத்தான்! 200-க்கும் மேற்பட்ட சாவுகள். பொறியியல் கல்லூரிகளின் எண்ணிக்கையிலும் முன்வரிசையில் நிற்கும் மாநிலம் இது. 400-க்கும் மேற்பட்ட பொறியியல் கல்லூரிகளை வைத்துக்கொண்டு இந்த முதலிடத்தையும் வைத்திருக்கிறோம். வெட்கமாக இல்லையா?

இறந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் தாழ்த்தப்பட்ட மக்கள், அதிலும் குறிப்பாக அருந்ததிய மக்கள். பிறப்பைக் காரணம் காட்டி ஒரு மனிதனைக் குழிக்குள் இறக்கும் கொடுமை இது. ஆகவே இதை வெறும் விபத்து என்று எழுதிவிட்டுப் போக முடியாது.

குழிக்குள் நடப்பது என்ன?

இதில் பொறியியல் எங்கே வருகிறது என்று கேட்பவர்களுக்காகச் சொல்கிறோம். மூடிக் கிடக்கும் கழிவு அழுகும்போது ஹைட்ரஜன் சல்பைடு, மீத்தேன் முதலிய வாயுக்கள் சேர்கின்றன. ஹைட்ரஜன் சல்பைடு கொஞ்சமாக இருந்தால் அழுகிய முட்டை நாற்றம் வீசும். நாற்றம் வந்தால் ஆள் எச்சரிக்கையாகிவிடுவான். ஆனால் காற்றில் பத்து லட்சத்தில் 100 பங்கு என்ற அளவைத் தாண்டினால் அது மூக்கின் நுகரும் திறனையே மரத்துப் போகச் செய்துவிடும். "நாற்றம் குறைந்துவிட்டது, இறங்கலாம்" என்று தொழிலாளி நினைக்கிறான். உண்மையில் விஷம் கூடியிருக்கிறது! 1,000 பங்கை நெருங்கினால் ஓரிரு மூச்சிலேயே ஆள் சாய்ந்துவிடுவான். மீத்தேன் சேர்ந்து பிராணவாயுவை வெளியே தள்ளிவிட்டாலும் இதே முடிவுதான்.

முகத்தில் கட்டிய துண்டு வாயுவைத் தடுக்காது. சாராயம் தடுக்காது. முதலில் இறங்கியவன் மயங்கி விழுந்ததைப் பார்த்துக் காப்பாற்றப் பதறி இறங்கும் இரண்டாவது ஆளும், மூன்றாவது ஆளும் சாவது இதனால்தான். ஒரே குழியில் அண்ணனும் தம்பியும், தந்தையும் மகனும் பிணமாகக் கிடந்த செய்திகளை நாம் படித்ததில்லையா?

வாயுவை அளப்பது, இருட்டில் பார்ப்பது, கெட்டியான கசடைக் கரைப்பது, குறுகிய வாய் வழியாக அதை மேலே எடுப்பது. இவை ஒவ்வொன்றும் ஒரு பொறியியல் கணக்கு. மெக்கானிக்கல் மாணவனுக்கு இதில் வேலை உண்டு. எலெக்ட்ரானிக்ஸ் மாணவனுக்கு வேலை உண்டு. சிவில், கெமிக்கல், கம்ப்யூட்டர் யாருக்குத்தான் இதில் வேலை இல்லை? அப்படியானால் ஏன் செய்யவில்லை? செய்தார்கள்! செய்தவர்கள் யார் என்பதுதான் நாம் கவனிக்க வேண்டியது.

குட்டிப்புரத்து மாணவர்கள்

2015 நவம்பரில் கோழிக்கோட்டில் ஒரு நிகழ்ச்சி. ஆந்திராவிலிருந்து வந்த 2 தொழிலாளர்கள் பாதாளச் சாக்கடைக் குழிக்குள் சிக்கிக்கொண்டார்கள். அவ்வழியே போன ஓர் ஆட்டோ ஓட்டுநர், முஸ்லிம் இளைஞர், அவர்கள் யார் எவர் என்று கேட்கவில்லை. காப்பாற்றக் குழிக்குள் இறங்கினார். மூவருமே இறந்துபோனார்கள். கேரளமே கண் கலங்கியது.

மலப்புரம் மாவட்டம் குட்டிப்புரத்தில் எம்.இ.எஸ். பொறியியல் கல்லூரி இருக்கிறது. டாக்டர் பி.கே. அப்துல் கபூர் அவர்களின் முயற்சியால் 1964-ல் உருவான முஸ்லிம் கல்விச் சங்கம் 1994-ல் தொடங்கிய கல்லூரி அது. ஐ.ஐ.டி. அல்ல. கோடி கோடியாக ஆராய்ச்சிப் பணம் கொட்டும் இடமும் அல்ல. அங்கே படித்த விமல் கோவிந்த், ரஷீத், நிகில், அருண் ஜார்ஜ் ஆகிய நால்வரும் கல்லூரி நாட்களிலேயே, காற்றழுத்தத்தால் இயங்கி மனிதனின் கைகால்களுக்குப் பலம் கூட்டும் ஓர் இயந்திரச் சட்டகத்தைச் செய்து பார்த்தவர்கள். கோழிக்கோட்டு நிகழ்ச்சி தங்களை உலுக்கியது என்று பின்னாளில் கூறினார்கள். அவர்கள் தொடங்கிய ஜென்ரோபோட்டிக்ஸ் நிறுவனம், கேரள அரசின் ஊக்கத்தோடு 2018 பிப்ரவரியில் திருவனந்தபுரத்தில் ஒரு ரோபோவை இறக்கியது. பெருச்சாளியைக் குறிக்கும் 'பாண்டிகூட்' என்ற பெயரையே அதற்கு வைத்தார்கள்.

மேலே ஒரு கட்டுப்பாட்டுத் தாங்கி. அதிலிருந்து கால்களும் கையும் கொண்ட இயந்திரம் குழிக்குள் இறங்கும். கேமரா உள்ளே பார்க்கும். உணர்கருவிகள் வாயுவைக் கண்டு சொல்லும். கை கசடை அள்ளி வாளியில் போடும். முன்பு குழிக்குள் இறங்கிய தொழிலாளி இப்போது மேலே நின்று திரையைப் பார்த்து அதை இயக்குகிறார். அவருடைய வேலை பறிபோகவில்லை. உயிரும் போகவில்லை. அதே 2018-ல் தமிழகத்தின் கும்பகோணம் நகராட்சிக்கும் அது வந்தது. இன்று பல மாநிலங்களில் அது இயங்குகிறது.

நால்வரின் பெயர்களை மீண்டும் ஒருமுறை படியுங்கள். ஒரு முஸ்லிம் கல்வி நிறுவனத்தின் வகுப்பறையில் பல சமயத்துப் பிள்ளைகள் ஒன்றாக அமர்ந்து படித்தார்கள். அதன் பலன் எந்தச் சமயத்தவன் என்று பார்க்காமல் குழிக்குள் இறங்கும் ஏழைக்குப் போய்ச் சேர்ந்தது. சமுதாயக் கல்லூரி என்றால் இதுவல்லவா சமுதாயக் கல்லூரி!

ஐ.ஐ.டி.யிலும் ஒரு முயற்சி

சென்னை ஐ.ஐ.டி.யின் கணக்கிலும் இந்த வரி இல்லாமல் இல்லை. பாதாளச் சாக்கடைக் குழி வேறு, வீட்டு செப்டிக் டேங்க் வேறு. டேங்கின் வாய் குறுகல். அடியில் கசடு பல ஆண்டு கிடந்து களிமண்போல் இறுகிவிடும். உறிஞ்சும் லாரியின் குழாய் மேலேயுள்ள நீரை இழுத்துவிட்டு நின்றுவிடும். அடிக் கசடை எடுக்கத்தான் ஆளை இறக்குகிறார்கள். இதற்காக அங்கே பேராசிரியர் பிரபு ராஜகோபால் வழிகாட்டலில், ஒரு முதுநிலை மாணவரின் இறுதியாண்டு புராஜெக்டாகத் தொடங்கிய 'ஹோமோசெப்' என்னும் கருவி 2022-ல் வெளிவந்தது. சுழலும் தகடுகள் உள்ளே விரிந்து கசடைக் கடைந்து கூழாக்கும். பிறகு உறிஞ்சு குழாய் அதை மேலே இழுக்கும். பெஜவாடா வில்சன் அவர்களின் சஃபாயி கர்மசாரி ஆந்தோலன் அமைப்போடு கலந்து, இதே தொழிலில் கணவரைப் பறிகொடுத்த பெண்கள் இருக்கும் சுய உதவிக் குழுக்களிடம் முதல் கருவிகளைக் கொடுத்தார்கள்.

இரண்டு கருவிகளிலும் உள்ள ஒற்றுமையைப் பாருங்கள். ஒன்று நாட்டின் முதல்தர நிறுவனத்தில் பிறந்தது. மற்றொன்று ஒரு சுயநிதிக் கல்லூரியின் மாணவர்களிடம் பிறந்தது. இரண்டுக்கும் வேர், படிக்கும் நாட்களில் மாணவர்கள் தம் கையால் செய்து பார்த்த வேலைதான். கற்பித்தல், ஆராய்ச்சி, கண்டுபிடிப்பு என்று ஆண்டறிக்கையில் மூன்று தனித்தனித் தலைப்புகளாகப் போடுகிறார்களே, அவை மூன்றும் ஒரே இடத்தில் சந்திப்பது இறுதியாண்டு புராஜெக்டில்தான்!

விலைக்கு வாங்கும் புராஜெக்ட்

அந்தப் புராஜெக்ட் நம் கல்லூரிகளில் எந்த நிலையில் இருக்கிறது? பொறியியல் கல்லூரிகள் நிறைந்த எந்த நகரத்துக்கும் போய்ப் பாருங்கள். "பி.இ. இறுதியாண்டு புராஜெக்ட் செய்து தரப்படும்" என்று பலகை மாட்டிய கடைகள்! சில ஆயிரம் ரூபாய் கொடுத்தால் கருவியும் தருவார்கள், அறிக்கையும் அச்சடித்து பைண்டிங் செய்து தருவார்கள், வைவாவில் என்ன கேட்பார்கள், என்ன சொல்ல வேண்டும் என்று ஒரு மணி நேரம் வகுப்பும் எடுப்பார்கள். சென்ற ஆண்டு ஒரு கல்லூரியில் மதிப்பெண் வாங்கிய அதே பெட்டி இந்த ஆண்டு வேறொரு கல்லூரியில் மதிப்பெண் வாங்கும். நான்கு ஆண்டுப் படிப்பின் முடிவான பலன் கடையில் வாங்கிய பெட்டி!

மாணவனை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை. வழிகாட்ட வேண்டிய ஆசிரியர் எங்கே? 2024 ஜூலையில் அறப்போர் இயக்கம் வெளியிட்ட ஆவணங்களை மறந்துவிட முடியுமா? அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புப் பெற்ற 224 கல்லூரிகளில் 353 பேர், ஒரே நேரத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட கல்லூரிகளில் முழுநேர ஆசிரியர்களாகக் கணக்குக் காட்டப்பட்டிருந்தார்கள். ஆய்வுக்கு வருகிறவர்களிடம் காட்டுவதற்குப் பெயர் இருக்கிறது. வகுப்பறையில் ஆள் இல்லை. இல்லாத ஆசிரியர் எப்படி வழிகாட்டுவார்? வாங்கி வந்த புராஜெக்டை இருக்கிற ஆசிரியராவது ஏன் கண்டுபிடிக்கவில்லை என்றால், ஒருவர் தலையில் இருபது குழுக்களைக் கட்டிவிட்டால் அவர்தான் என்ன செய்வார்?

பெற்றோராகிய நமக்கும் இதில் பங்கு உண்டு. "எந்தக் கம்பெனி வருகிறது?" என்று கேட்கிறோமே தவிர, "என் பிள்ளை இங்கே எதைச் செய்யக் கற்றுக்கொள்வான்?" என்று நாம் கேட்பதில்லை. கம்ப்யூட்டர் பிரிவுக்கு அடித்துப் பிடித்து ஓடுகிறோம். சிவிலும் மெக்கானிக்கலும் காலியாகக் கிடக்கின்றன. வேலை வேண்டும் என்ற கவலை நியாயமானது. கடன் வாங்கிப் படிக்க வைக்கும் தந்தையின் கவலையைக் கேலி செய்ய நமக்கு உரிமையில்லை. ஆனால் தன் கையால் ஒரு கருவியைச் செய்து, அது உடைந்து, மறுபடி செய்து பழகியவனுக்குத்தான் இன்று வேலையும் கிடைக்கிறது. குட்டிப்புரத்து இளைஞர்கள் வேலை தேடி நிற்கவில்லை, வேலை கொடுக்கிறவர்களானார்கள்.

கருவி வந்தும் சாவு ஏன்?

ஒரு நியாயமான கேள்வி எழும். "அதுதான் ரோபோ வந்துவிட்டதே, பிறகும் ஏன் சாகிறார்கள்?" சிந்திக்க வேண்டிய கேள்வி இது.

கருவியை நகராட்சி வாங்க வேண்டும். வாங்கியதை நிறுத்தி வைக்காமல் ஓட்ட வேண்டும். ஓட்டத் தொழிலாளிக்குப் பயிற்சி வேண்டும். பழுதானால் பக்கத்திலேயே சரி செய்ய ஆள் வேண்டும். பெரிய சாலையில் நிற்கும் இயந்திரம் நம் ஊர்ச் சந்துகளுக்குள் நுழைய வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, அரை நாள் கூலிக்கு ஓர் ஏழை கிடைக்கும் வரை இயந்திரத்துக்குச் செலவழிக்க ஒப்பந்ததாரருக்கு மனம் வராது. சட்டம் அவரைத் தண்டித்தால்தான் மனம் வரும்.

ஆகவே கண்டுபிடிப்பதோடு வேலை முடிந்துவிடாது. விலையைக் குறைப்பதும் ஆராய்ச்சிதான். சந்துக்குள் போகும் அளவுக்குச் சிறியதாக்குவதும் கண்டுபிடிப்புதான். பழுது பார்க்கக் கற்றுக் கொடுப்பதும் கற்பித்தல்தான். ஊருக்கு ஊர் இருக்கும் 400 கல்லூரிகளும் இதில்தான் கை கொடுக்க முடியும். எல்லோரும் ராக்கெட் செய்ய வேண்டியதில்லை. தன் ஊர் நகராட்சியில் முடங்கிக் கிடக்கும் இயந்திரத்தை ஓட வைக்கும் கல்லூரி ஓராண்டில் செய்ய வேண்டியதைச் செய்த கல்லூரிதான்.

நாம் செய்ய வேண்டியது

முதலாவதாக, கல்லூரி நிர்வாகங்களுக்கு, குறிப்பாக நம் சமுதாயப் பெரியவர்கள் நடத்தும் கல்லூரி நிர்வாகங்களுக்கு: உங்கள் ஆண்டறிக்கையில் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். எங்கள் கல்லூரியைச் சுற்றி இத்தனை கிலோமீட்டருக்குள் இன்னின்ன பிரச்சினைகள், அவற்றில் எங்கள் மாணவர்கள் கை வைத்தவை இவை, தீர்ந்தவை இவை, தீராதவை இவை என்று எழுதுங்கள். தோற்றுப்போன புராஜெக்டையும் எழுதுங்கள். கடையில் வாங்கிய வெற்றியைவிடச் சொந்தமாகச் செய்து கண்ட தோல்வி மேல். இருக்கும் ஆசிரியரின் பெயரை மட்டும் பட்டியலில் போடுங்கள்.

இரண்டாவதாக, பெற்றோருக்கு: கல்லூரியில் சேர்க்கும் முன் பணிமனையைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். இயந்திரத்தில் எண்ணெய் இருக்கிறதா, தூசி இருக்கிறதா என்று பாருங்கள். சென்ற ஆண்டு இறுதியாண்டு மாணவர்கள் செய்த புராஜெக்டுகளில் ஒன்றையாவது இயக்கிக் காட்டச் சொல்லுங்கள். பணம் கட்டுகிற உங்களுக்கு அதைக் கேட்கும் உரிமை இருக்கிறது.

மூன்றாவதாக, மாணவர்களுக்கு: 2007-ல் கிடைத்த 3.5 விழுக்காடு இட ஒதுக்கீடு சும்மா கிடைத்ததல்ல. பல ஆண்டுகள் வீதியில் நின்று பெற்றது. அந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டு பெட்டியை விலைக்கு வாங்கி மதிப்பெண் பெறுவது அந்த இடத்துக்குச் செய்யும் மரியாதையா? உங்கள் ஊர்த் துப்புரவுத் தொழிலாளியோடு ஒரு வாரம் கூட நில்லுங்கள். அவர் படும் பாட்டிலிருந்து பத்துப் புராஜெக்டுகள் உங்களுக்குக் கிடைக்கும்.

நான்காவதாக, ஜமாஅத் நிர்வாகிகளுக்கு. இதைக் கொஞ்சம் வெளிப்படையாகவே சொல்ல வேண்டும். நம் பள்ளிவாசல்களிலும் மத்ரஸா விடுதிகளிலும் திருமண மண்டபங்களிலும் செப்டிக் டேங்குகள் இருக்கின்றன. அவை நிரம்பினால் யாரை அழைக்கிறோம்? லாரி வந்து உறிஞ்சுவதோடு நிற்கிறதா, அல்லது "அடிக் கசடையும் எடுத்துவிடப்பா" என்று ஓர் ஆளை உள்ளே இறக்குகிறோமா? 2013 சட்டம் நகராட்சிக்கு மட்டும் உரியதல்ல. ஆளை இறக்கும் எவருக்கும், முத்தவல்லிக்கும்தான், அது பொருந்தும். சட்டத்தை விடுங்கள். ஓர் உயிரின் மதிப்பு என்ன என்பதை இந்தப் பத்திரிகையின் வாசகர்களுக்கு நாம் சொல்லித் தர வேண்டியதில்லை. "எங்கள் நிர்வாகத்துக்கு உட்பட்ட எந்தக் கழிவுத் தொட்டிக்குள்ளும் எந்த மனிதரையும் இறக்க மாட்டோம்" என்று ஒவ்வொரு ஜமாஅத்தும் தீர்மானம் போடட்டும். போட்ட தீர்மானத்தை அறிவிப்புப் பலகையில் ஒட்டட்டும். அந்தப் பலகையைப் பார்க்கும் நம் பொறியியல் மாணவன், ஆள் இறங்காமல் அந்தத் தொட்டியை எப்படிச் சுத்தம் செய்வது என்று யோசிக்கத் தொடங்கட்டும்.

அடுத்த ஆண்டும் தேர்வு முடிவுகள் வரும். விளம்பரங்கள் வரும். எண்கள் வரும். அப்போது நாம் ஒவ்வொரு கல்லூரியிடமும் இந்த ஒரு பக்கத்தைக் கேட்போம். இல்லையென்றால் ஏன் இல்லை என்று கேட்போம். கேட்பதற்கு நாம் தயாரா?